ஏழாம் பாடம்: அழைப்பது எப்படி

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். தமிழ் பேசக் கூடாது. பேசினால் இரண்டு நிமிஷம் மியூட். கலெக்டரே வந்து சேர்ந்தாலும் இதுதான். பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவளுக்கு, ஒரு பட்டனைத் தொட்டால் எதிராளியின் வாய் அடைபடும் என்பது எவ்வளவு பெரிய வரம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

என் பெயர் அருணாதேவி. விருதுநகரில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வயதில் பெரியவர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூட வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் உடம்புக்கு முடியவில்லை என்பேன். உண்மையில் என்னைத் தாங்கும் தெம்பு தாளாளருக்குத்தான் இல்லாமல் போனது. அதை விடுங்கள்.

இந்தக் கதை மத்தியானம் ஒன்றரை மணி வகுப்பைப் பற்றியது. மொத்தம் ஒன்பது பேர். எல்லோருக்கும் அது சாப்பாட்டு நேரம் என்பதால் ரசம் உறிஞ்சும் சத்தத்துக்கும் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கும் நடுவில்தான் 'ஹவ் ஆர் யூ' என்று விசாரித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் கோபித்துப் பார்த்தேன். பிறகு நானும் தட்டோடு உட்கார ஆரம்பித்துவிட்டேன்.

வகுப்பில் முதலிடம் கண்ணுச்சாமி அண்ணாச்சிக்கு. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். அறுபத்தோரு வயது. பட்டாசுக் கம்பெனிக்குள் யாருமே செல்போன் கொண்டுபோகக் கூடாது, முதலாளியும் கூடாது. அதனால் கேட்டுக்கு வெளியே கொஞ்சதூரம் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பார். பட்டாசு முதலாளிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் போன தடவை யாரோ ஒருவர் இங்கிலீஷில் நன்றியுரை சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை தான் சொல்லியாக வேண்டும். அதுதான் அவருடைய லட்சியம்.

அவரிடம் ஒரு நல்ல குணம், ஒரு கெட்ட குணம். நான் வாட்ஸப்பில் அனுப்பும் பாடத்தைத் தாளில் அச்செடுத்து, அதில் என்ன இருக்கிறதோ, அதை ஒரு எழுத்துக்கூட மாறாமல் படிப்பார். இது நல்ல குணம். யாராவது ஒரு தமிழ் வார்த்தையை விட்டுவிட்டால் அடுத்த நொடியே கையை உயர்த்தி, "டீச்சர், ஹி இஸ் ஸ்பீக்கிங் தமிழ்" என்று போட்டுக்கொடுப்பார். பக்கத்துப் பெஞ்சுப் பையனை மாட்டிவிடும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சந்தோஷம் அந்த முகத்தில் தெரியும். நானும் உடனே மியூட் போட்டுவிடுவேன். எங்கள் கூட்டணி அப்படிப்பட்டது.

அடுத்தவர் கற்பகம் அக்கா. சிவகாசியில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் ஆப்செட் அச்சகம். வீட்டுக்காரர் காசிராஜன் மிஷினைப் பார்த்துக்கொள்ள, ஆபீஸை இவர் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரைக்குத்தான் அங்கே மிஷின் நிற்கும், சத்தம் அடங்கும். சேர்ந்த அன்றைக்கே காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"என் மக ஆர்த்திக்கு ஆவணியில கல்யாணம் டீச்சர். மாப்பிள்ளை வீடு நம்ம பக்கந்தான், அவுக கூடத் தமிழ்லயே பேசிக்கிருவேன். பெங்களூருல அவ கூட வேல பாக்குறவுக இருவது பேரு வாறாக. அவுக வந்து நிக்கயில பல்லைக் காட்டிக்கிட்டே நிக்க முடியுமா? வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீகளான்னு கேக்கணும்ல? வாயால கேக்காத வரவேற்பு என்ன வரவேற்பு?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

வகுப்பில் பேச்சுப் பழக்கத்துக்காக இரண்டு இரண்டு பேராகத் தனித்தனி அறையில் விடுவேன். யாருக்கு யார் ஜோடி என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போடும். அண்ணாச்சியும் அக்காவும் ஒரே அறையில் விழுந்த முதல் நாள், அண்ணாச்சியின் காரில் நெட்வொர்க் போய்விட்டது. இரண்டாம் முறை அக்காவின் ஆபீஸில் கரண்ட் போய்விட்டது. மூன்றாம் முறை இரண்டும் ஒரே நேரத்தில் போயின. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! ஏமாற்றுகிற மாணவர்களைக் கண்டுபிடிப்பதில் நான் பி.எட். பட்டத்துக்கும் மேலே படித்தவள்.

நான்காவது முறை நானே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குப் பாடம், ஓட்டலில் பேசுவது. அண்ணாச்சி சாப்பிட வந்தவர், அக்கா பரிமாறுபவர். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பார்த்தார். அக்கா மேஜை மேல் இருந்த காலண்டர் தாளைப் பார்த்தார்.

"குட் ஆஃப்டர்நூன், சார்," என்றார் அக்கா, காலண்டரிடம்.

"குட் ஆஃப்டர்நூன்," என்றார் அண்ணாச்சி, ஸ்டியரிங்கிடம்.

"வாட் வுட் யூ லைக் டு ஹாவ்?"

அண்ணாச்சி தாளைப் பார்த்துப் படித்தார். "ஒன் காபி அண்ட் ஒன் கேக், ப்ளீஸ்."

அக்கா 'ஷ்யூர், சார்' என்று சொல்ல வேண்டும். தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவர் நிமிர்ந்து நேராகத் திரையைப் பார்த்து, "நோ கேக், சார்" என்றார். "யூ ஹாவ் சுகர்."

அண்ணாச்சியும் நிமிர்ந்தார். தாளில் இல்லாத வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஓகே," என்றார் மெல்ல. "ஒன்லி காபி. நோ சுகர்."

ஓட்டலில் பரிமாறுபவருக்குச் சாப்பிட வந்தவரின் சர்க்கரை வியாதி எப்படித் தெரியும்? வகுப்பு முடிந்ததும் ஸ்ரீராம்குமாருக்குப் போன் போட்டேன். அவரும் அதே வகுப்பு மாணவர்தான். சாத்தூரில் சேவுக்கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் கிலோ கணக்கில் சேவு அனுப்புகிறவர் என்பதால் எல்லார் குடும்பக் கதையும் அவருக்கு அத்துப்படி.

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று சிரித்தார். "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவக. அண்ணன் தங்கச்சி. ஒம்பது வருசமா பேச்சுவார்த்தை கெடையாது."

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சி மகனுக்குக் கல்யாணம். அப்போது பட்டாசுக்குச் சீசன் நேரம். லோடு ஏற்றுகிற அவசரத்தில், தங்கச்சிதானே என்ற உரிமையில், பத்திரிகையை டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். கற்பகம் அக்கா பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தால் வேறு அச்சகத்தில் அடித்தது. சொந்தத் தங்கச்சி அச்சகம் இருக்கும்போது! அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து வாய்திறந்து 'வாம்மா' என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தைக்காரி இல்லாமலே அந்தக் கல்யாணம் நடந்தது. அந்த வாரமே அக்கா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய், இனிமேல் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசினால் ஆத்தா என்னைக் கேட்கட்டும் என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டார். செய்தி விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி சும்மா இருப்பாரா? அவளாக வாயால் கூப்பிடாமல் அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஒருவர் பேசக் கூடாது. இன்னொருவர் பேசினால்தான் வருவார். இப்படியொரு முடிச்சை வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தால்கூடப் போட முடியாது.

"இப்ப ஆர்த்தி கல்யாணம் வருதுல்ல டீச்சர்," என்றார் ஸ்ரீராம்குமார். "பொண்ணைக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாறது தாய்மாமந்தான். ஒத்த மாமன். அந்த எடத்துல வேற ஆளை நிப்பாட்டணும்னா அக்காவுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க."

மறுநாள் அக்காவே எனக்குப் போன் செய்தார்.

"தெரிஞ்சு போச்சா டீச்சர்?"

"தெரிஞ்சு போச்சு."

கொஞ்சம் தயங்கினார். "ஒன்னு கேக்கேன், சிரிக்கக் கூடாது. இங்கிலீஷ்ல பேசுனா அது பேச்சுல சேருமா?"

"ஏன்க்கா, மாரியாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரியாம என்ன? அவளுக்குத் தெரியாத பாசை இருக்கா? ஆனா நா பேசுற இங்கிலீஷு அவளுக்குப் புரியாது."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தக் குரல் இறங்கியது.

"ஆத்தாவைப் பத்திக்கூட எனக்குப் பயமில்ல டீச்சர். மாவிளக்கு எடுத்து, தப்பு தாயேன்னு விழுந்தா மன்னிச்சுருவா. சத்தியத்தை மீறிப் போயி நா அவுக வாசல்ல நின்னு, அவுக வரமாட்டேன்னுட்டா? அப்பறம் நா எங்கிட்டுப் போக? அதான். பாடத்துல கேட்டா, மாட்டேன்னாலும் பாடம்னு நெனச்சுக்கிரலாம்ல?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏழாம் பாடமே 'ஒருவரை அழைப்பது, அழைப்பை ஏற்பது' என்பதுதான். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற பாக்கியம் எத்தனை டீச்சருக்குக் கிடைக்கும்? தாளில் இருந்த பிறந்தநாள் விழாவை எடுத்துவிட்டு, 'மகள் கல்யாணம்' என்று மாற்றினேன். கொதிக்கக் கொதிக்க, அவரவர் பேச வேண்டிய வரியை மட்டும் இரண்டு பேருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் குலுக்கலை ஓரம் கட்டிவிட்டு நானே ஜோடி போட்டேன். நானும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அக்கா அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். அச்சக ஆபீஸில், வியாழக்கிழமை மத்தியானம். பின்னால் காசிராஜன் அண்ணன் கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"ஐ வுட் லைக் டு இன்வைட் யூ டு மை டாட்டர்ஸ் வெட்டிங்," என்றார். தாளைப் பார்க்கவில்லை. மனப்பாடம். "ப்ளீஸ் கம் வித் யுவர் ஃபேமிலி."

அண்ணாச்சி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். தாளைத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"தேங்க்யூ ஃபார் இன்வைட்டிங் மீ. பட் ஐ ஆம் சாரி. ஐ கேனாட் கம்."

அக்காவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு திரையில் அவருடைய கட்டம் அணைந்தது.

"டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "ஷி லெஃப்ட் த கிளாஸ்." போட்டுக்கொடுக்கிற சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை.

ஓடிப்போய் நான் அனுப்பிய தாளைப் பார்த்தேன். ஏழாம் பாடத்துக்கு என்னிடம் இரண்டு தாள் உண்டு. ஏழு-ஏ, அழைப்பைச் சந்தோஷமாக ஏற்பது. ஏழு-பி, மரியாதையாக மறுப்பது. பரபரப்பில் இரண்டிலும் கல்யாணம் என்று மாற்றிவிட்டு, அண்ணாச்சிக்கு ஏழு-பியை அனுப்பித் தொலைத்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் என் சுபாவம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்குமே. அண்ணாச்சிக்குப் போன் போட்டு அவரிடம் பாய்ந்தேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நா என்ன பண்ணேன்? தாள்ல இருந்ததைத்தான படிச்சேன்."

"தாள்ல என்ன வேணா இருக்கட்டும். உங்களுக்கா தோண வேணாமா?"

"டீச்சர், நா வெடிமருந்து கலக்குற ரூம்புல இருந்து மேல வந்தவன். அங்கன சார்ட்டுல எம்புட்டுப் போட்டிருக்கோ அம்புட்டுத்தான். சொந்தப் புத்தியக் காட்டி ஒரு சிட்டிக கூடப் போட்டா ரூம்பு இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். முப்பது வருசம் அப்படியே பழகிட்டேன். தாளைக் குடுத்தது நீங்க."

என்னை யாரோ மியூட் செய்தது போல இருந்தது. கடைசியில் சொன்னேன். "அண்ணாச்சி, தாளை மாத்தி அனுப்பினது என் தப்பு. ஆனா அக்கா நிஜமாவே கூப்பிட்டாங்க."

அந்தப் பக்கம் கார் ஏசியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நெசமாவா?" என்றார். "பாடம்னுல்ல நெனச்சேன். தாள்லயும் கல்யாணம்னுதான போட்டிருந்துச்சு."

"அவங்க வீட்டுக் கல்யாணத்தைத்தான் போட்டேன். பத்திரிகையில தாய்மாமன்னு உங்க பேரையும் அடிச்சிருக்காங்களாம்."

"அச்சுல பேரு போடுறது பெருசில்ல டீச்சர்," என்றார் வருத்தமாக. "நானும் அன்னைக்கு அச்சடிச்ச பத்திரிகையத்தான அனுப்பிவிட்டேன். அது பத்தாதுன்னுதான அம்புட்டுச் சண்டை. இப்ப அதே பத்திரிகையப் பாத்துட்டு நா போயி நின்னா, அன்னைக்கு அவ கோவிச்சது தப்புன்னு ஆயிருமே. கோவிச்சது ஞாயந்தான். நா நேர்ல போயிருக்கணும்."

ஒன்பது வருஷம் கழித்து இதை என்னிடம் சொல்கிறார் மனுஷர். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால் என்ன? சரியான தாளை, ஏழு-ஏயை, அவருக்கு அனுப்பிவைத்தேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். பதினான்கு வருஷப் பள்ளிக்கூட வாழ்க்கையில் நான் ஒருத்தரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"விடுங்க டீச்சர்," என்றார் அக்கா. "தாள் மாறிப்போச்சுன்னே வச்சுக்கிருவோம். கேக் வேண்டாம்னு நா சொன்னப்ப தாள்ல இல்லாததத்தான சொன்னாக? ஓகே, ஒன்லி காபின்னாகள்ல? வரணும்னு மனசுல இருந்திருந்தா, அன்னைக்கும் ஒரு வார்த்தை அப்படி வந்திருக்காதா?"

அதன் பிறகு இரண்டு பேரும் வகுப்புக்கு வரவில்லை. ஏழு பேரை வைத்துக்கொண்டு எட்டாம் பாடம், ஒன்பதாம் பாடம் எல்லாம் நடத்தினேன். எல்லோரும் தாராளமாகத் தமிழ் பேசினார்கள். போட்டுக்கொடுக்க ஆள் இல்லை. எனக்கும் மியூட் போட மனசு வரவில்லை.

ஆடிக் கடைசியில் கற்பகம் அக்காவும் காசிராஜன் அண்ணனும் விருதுநகருக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தார்கள். "வாய் நெறையக் கூப்பிடுதேன், வந்துரணும்," என்று இரண்டு தடவை சொன்னார் அக்கா. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மற்றப் பெயர்களைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் இருந்தது. மாமன் முறைக்கு யாரை நிறுத்தப்போகிறீர்கள் என்று கேட்டேன். மல்லாங்கிணற்றில் இருக்கும், அக்காவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைக் காசிராஜன் அண்ணன் ச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கெல்லாம் சிவகாசி மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஒன்பதரைக்கு முகூர்த்தம். வாசலில் பெங்களூர் கூட்டம் வந்து இறங்கியது. அக்கா முன்னால் போய், "வெல்கம், வெல்கம். ப்ளீஸ் கம் அண்ட் சிட். ஹாட் இட்லி இஸ் ரெடி" என்று தடங்கலே இல்லாமல் பேசினார். ஒரு பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஸ்ரீராம்குமாரிடம், நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் அதே டீச்சரிடம்தான் படிக்கிறார் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதேகாலுக்கு அக்கா மாடியில் மணப்பெண் அறைக்குப் போனார். நானும் கூடவே மாடி ஏறினேன். கீழே அந்த ஒன்றுவிட்ட அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார். அப்போது என் போனில் ஒரு செய்தி வந்தது.

'டீச்சர், ஐ ஆம் இன் கேட். ப்ளீஸ் ஸ்டார்ட் கிளாஸ்.'

இன் இல்லை, அட் என்று திருத்தத்தான் முதலில் கை போனது. என் புத்தி அப்படி. அடுத்த நொடி மாடி ஜன்னலுக்கு ஓடினேன். மண்டபத்தின் வெளிவாசலில், ஆர்த்தியின் பெயர் போட்ட வளைவுக்கு ஒரு அடி வெளியே, கண்ணுச்சாமி அண்ணாச்சி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், பழமும் சேலையும் மாலையும் வைத்த சீர்த்தட்டுகளோடு. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒருத்தரும் அந்த வளைவைத் தாண்டவில்லை. அண்ணாச்சி ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் ஒரு தாளையும் பிடித்திருந்தார்.

ஒன்றரை மணி வகுப்பை ஒன்பது இருபதுக்குத் திறந்தேன். மணப்பெண் அறைக்குள் போய், அக்காவின் போனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"என்ன டீச்சர் இந்நேரம்?"

"வகுப்பு ஆரம்பிச்சாச்சு அக்கா. ஏழாம் பாடம்."

திரையைப் பார்த்தார். எப்போதும் அண்ணாச்சியின் தலைக்குப் பின்னால் தெரியும் கார் சீட் இல்லை. வளைவு இருந்தது. அதில் அக்காவின் அச்சகத்திலேயே அடித்த ஆர்த்தியின் பெயர் இருந்தது. அக்கா நகைப்பெட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு, போனைப் பிடித்தபடியே படியிறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் விலகி வழிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

வாசலுக்குப் பத்தடி முன்னால் அக்கா நின்றார். வளைவுக்கு வெளியே அண்ணாச்சி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனைப் பார்த்தார்கள்.

"டீச்சர்," என்றார் அண்ணாச்சி என் போனில். தாளை உயர்த்திக் காட்டினார். "திஸ் டைம், செவன் ஏ."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐ வுட் லைக் டு..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. மறுபடி, "ஐ வுட் லைக்..." அதுவும் நின்றது. இருபது பேரிடம் மடமடவென்று பேசியவருக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அண்ணாச்சி காத்திருந்தார். அவருடைய வரி அக்கா முடித்த பிறகுதானே வரும். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. துடைக்க ஒரு கையும் காலியில்லை. தாளை விட மாட்டார், போனையும் விட மாட்டார்.

அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணனை நேராகப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "எதுக்கு இப்படி வெயில்ல நிக்கீக? சுகரு ஒடம்ப வச்சுக்கிட்டு... காலையில மாத்திர போட்டீகளா இல்லையா? உள்ள வாங்கண்ணே. வாங்க. ஒங்க மருமக காத்துக்கிட்டு இருக்கா. வாங்க."

பழக்க தோஷத்தில் என் கட்டைவிரல் மியூட் பட்டன் வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. எனக்குக் கண் மறைத்தது, பட்டன் சரியாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி அசையவில்லை. கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் கட்டி நின்றது. தாள் பிடித்த கையை, வகுப்பில் உயர்த்துவது போலவே மெதுவாக உயர்த்தினார்.

"டீச்சர்," என்றார். "ஷி இஸ் ஸ்பீக்கிங் தமிழ்."

சொல்லிவிட்டு வளைவைத் தாண்டி உள்ளே வந்தார்.